ஒரே வெள்ளைப் புள்ளி

மகன்,

அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். சுகம் விசாரித்து ஒரு பக்கத்தை நிரப்ப இந்தத் தடவை எனக்கு மனம் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் உன் கணினியைத் திறந்து வைத்து, புது வேலைக்காக நீ செய்திருந்த பாடத்தை எனக்கும் உன் வாப்பாவுக்கும் காட்டினாய். மண்ணுக்குள் இருந்து தண்ணீர் வேருக்குள் புகுந்து, தண்டு வழியாக ஏறி, இலைக்குப் போகிறது. நீலத் துளிகள் வரிசையாக ஏறுகின்றன. பக்கத்தில் ஓர் அணில் துள்ளித் துள்ளி வாலை ஆட்டுகிறது. பின்னால் இசை. கீழே எழுத்து ஓடுகிறது. அதே எழுத்தை ஒரு குரல் வாசிக்கவும் செய்கிறது. வாப்பா அணிலைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "எப்பிடி உம்மா?" என்று கேட்டாய். "நல்லாரிக்கி மகன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் புடிக்கல்ல போல" என்றாய். கண் கூசுகிறது என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன். அது பொய். அடுத்த மாதம் நீ கொழும்புக்குப் போய் நாடு முழுவதும் உள்ள பிள்ளைகளுக்கு இப்படிப் பாடங்கள் செய்யப் போகிறாய். அதற்கு முன் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ இப்போது செய்யப் போகிற வேலையை, உன் தாய் ஒரு காலத்தில் செய்தவள். உனக்கு அது தெரியாது. எண்பதுகளின் நடுவில், உனக்கு ஆறு வயதாக இருந்தபோது, நான் கல்முனைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணினி வந்தது. தட்டெழுத்து இயந்திரத்தின் மேற்பாதி போல ஒரு பெட்டி, அதை ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியோடு இணைக்க வேண்டும். எழுதியதைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கிற கசெட்தான். ஒரு பாடத்தைத் திரும்ப ஏற்றுவதற்குள் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடித்துவிடலாம். யாரையாவது பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆண் ஆசிரியர்கள் இருவரும் பின்வாங்கினார்கள், நான் போனேன். வாப்பாதான் உன்னைப் பார்த்துக்கொண்டார். இரண்டு கிழமையில், ஒவ்வொரு வரிக்கும் ஓர் இலக்கம் போட்டுக் கணினிக்குக் கட்டளை எழுதப் பழகினேன். திரையில் ஒரு புள்ளி வைக்கலாம். அதை அழித்துவிட்டு ஒரு வரி கீழே இன்னொரு புள்ளி வைக்கலாம். அதை மறுபடி மறுபடி செய்தால் புள்ளி விழுவது போலத் தெரியும். முதன்முதலாக என் புள்ளி விழுந்த அன்று நான் அடைந்த சந்தோஷத்தை, நீ பிறந்த நாளைத் தவிர வேறு எதோடும் ஒப்பிட மாட்டேன்.

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் வற்றி, அடியில் கிடந்த தண்ணீர் கரித்தது. வீட்டுக்கு வீடு சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். சுகாதாரப் பரிசோதகர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் காய்ந்து போகாமல் காப்பாற்றலாம், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார். இதைக் கணினியில் ஓடவிட்டுக் காட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. பெருமை இல்லாமல் இல்லை. இந்தக் கரையில் வேறு எந்த டீச்சரும் செய்யாததை நான் செய்யப் போகிறேன் என்ற நினைப்பு இருந்தது. முதற் பகுதியில், கோட்டால் வரைந்த ஒரு குழந்தை. அதன் உடம்பிலிருந்து வெள்ளைப் புள்ளிகள் வெளியே போகும், குழந்தை சுருங்கும். அந்தப் புள்ளிகள் உப்பு. இரண்டாம் பகுதியில் ஒரு பானை. மேலிருந்து கரண்டி வந்து வந்து ஆறு தரம் வெள்ளைப் புள்ளிகளைக் கொட்டும். இந்தப் புள்ளிகள் சீனி. பிறகு பாதிக் கரண்டி வந்து ஒரு தரம் கொட்டும், அது உப்பு. கணினிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் நானே புள்ளி புள்ளியாக வரைந்து, பானையின் அடியில் ஓரிடத்தில் சின்னதாக "சீ" என்றும் பிறகு "உ" என்றும் தெரிய வைத்தேன். கடைசியில் குழந்தை எழும்பி ஆடும். ஒரு சின்ன மெட்டும் ஒலிக்கும்.

இப்போது இதை வாசிக்கும்போதே உனக்கு விளங்கியிருக்கும். எனக்கு அப்போது விளங்கவில்லை. எது சீனி, எது உப்பு என்று எனக்குத் தெரியும், அதனால் திரையில் அது அப்படியே எனக்குத் தெரிந்தது. இன்னொன்றும் செய்தேன். ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் இடையில் கணினியைச் சும்மா நிறுத்தி வைக்க, ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை உனக்குள்ளே எண்ணு என்று ஒரு கட்டளை எழுதுவோம். பத்துத் தரம் ஓட்டிப் பார்த்ததும் அது எனக்கு இழுவையாக இருந்தது. ஐந்நூறை நூறாக்கினேன். பாடம் தெரிந்தவளுக்கு எல்லாமே மெதுவாகத்தான் தெரியும். உன்னை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் முதன்முதலாகக் காட்டியதும் உனக்கு நினைவில்லை. "அந்தப் புள்ள ஆடுறத இன்னொருக்காப் போடுங்க உம்மா" என்று கைதட்டினாய். உன் கைதட்டலைக் கேட்டு, பாடம் நன்றாக வந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். இதில் உன் பிழை ஒன்றும் இல்லை. பிள்ளை சந்தோஷப்படுவதையும் பிள்ளை விளங்கிக்கொள்வதையும் ஒன்றாக எண்ணியது நான்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாங்குகளில் நெருக்கி உட்காரவைத்து, யன்னல்களைச் சாத்தி, பாடத்தை ஓடவிட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. குழந்தை ஆடியபோது சிலர் கூடவே கை ஆட்டினார்கள். உடம்பில் இருந்து உப்புப் போய்விடுகிறது, போன உப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். அளவையும் சொன்னேன், ஆனால் மெட்டு ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னேன். முடிந்ததும், "விளங்கிச்சா?" என்று கேட்டேன். "ஓம் டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஒருத்தியையாவது எழுப்பி, எங்கே நீ கரைத்துக் காட்டு என்று ஒரு போத்தலையும் கரண்டியையும் கையில் கொடுக்கவில்லை.

அந்த வகுப்பில் ஜெஸீமா என்று ஒரு பிள்ளை. சாய்ந்தமருதுக் கடற்கரை ஓரத்தில் வீடு. வாப்பா கரைவலை இழுக்கிறவர். உம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. ஒன்றரை வயதுத் தம்பி றமீஸை இடுப்பில் வைத்து வளர்த்தவள் இந்தப் பிள்ளைதான். பதினான்கு வயது. வகுப்பில் அதிகம் கதைக்க மாட்டாள், ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வாள். வீட்டு வேலை முடித்து ஓடி வந்து, வியர்வையோடு கடைசி வாங்கில் உட்காருவாள். அன்றும் கடைசி வாங்கில்தான் இருந்தாள்.

நோன்பு மாதம் வந்து பள்ளிக்கூடம் மூடியது. பத்தாவதோ பதினோராவதோ நோன்பு. காலையில் றமீஸுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. வாப்பா வலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "கொண்டாங்க புள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்றிருக்கிறாள். ஜெஸீமா, "தேவல்ல மாமி, எனக்குத் தெரியும், டீச்சர் கம்பியூட்டர்ல காட்டித் தந்திரிக்கா" என்றாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டாள். அளந்து ஒரு லீற்றர். ஆறு கரண்டி உப்பு. அரைக் கரண்டி சீனி. ஒரு துளி சிந்தாமல், ஒவ்வொரு கரண்டியையும் விரலால் மட்டம் தட்டிப் போட்டிருக்கிறாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. கிணற்றுத் தண்ணீரே கரிக்கிற வீடு, அதனால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொடுக்கக் கொடுக்கக் குழந்தைக்குத் தாகம் கூடியது. தாகம் கூடக் கூட இன்னும் கொடுத்தாள். குடிக்கிறானே, தேறிவிடுவான் என்று நினைத்தாள். நடுப்பகல் ளுஹர் தொழுகை நேரத்துக்குப் பிறகு குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலையில் றமீஸ் மௌத்தாகிவிட்டான்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. ருசி பார்க்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். "நோன்பு முறிஞ்சிரும் எண்டு பாக்கல்ல" என்றாளாம். யார் இப்படிச் சொல்லித் தந்தது என்று கேட்டதற்கு என் பெயரைச் சொன்னாள்.

றமீஸின் ஜனாஸாவை அடக்கி மூன்றாம் நாள் பள்ளிக்கூட அதிபர் ஆளனுப்பினார். அவருடைய அறையில் சுகாதாரப் பரிசோதகரும் ஜெஸீமாவின் வாப்பாவும் இருந்தார்கள். அவள் கதவோரம் நின்றாள். எனக்கு வந்த பயம் செத்துப்போன குழந்தைக்காக அல்ல, எனக்காக. இதை நான் இத்தனை வருடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. "நான் அப்பிடிச் சொல்லல்ல சேர். வாங்க, காட்டுறன்" என்று எல்லாரையும் கணினி அறைக்குக் கூட்டிப்போனேன். கசெட் ஏறும் வரை எல்லாரும் நின்றார்கள். கரண்டி ஆறு தரம் கொட்டும் இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி, பானையின் அடியில் இருந்த அந்தச் சின்ன எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். "பாருங்க. 'சீ' எண்டு போட்டிரிக்கன். சீனி. இதுக்குப் பொறகுதான் 'உ'." பரிசோதகர் குனிந்து பார்த்தார். "ஓம், சரியாத்தான் போட்டிரிக்கிறா" என்றார். அதிபர் பெருமூச்சு விட்டார். ஜெஸீமாவின் வாப்பா திரையைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். "டீச்சர் சரியாத்தானே காட்டி இரிக்கிறா. நீ எங்க புள்ள பாத்துக்கிட்டிருந்தாய்?" என்று கேட்டார். நான் கசெட்டை வெளியே எடுத்து உறைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு ரக்அத் தொழுதேன், என்னைக் காப்பாற்றியதற்காக. அந்தத் தொழுகையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. ஜெஸீமா வரவில்லை. இனி யாரும் இப்படிப் பிழைவிடக் கூடாது என்று சொல்லி, பாடத்தை மறுபடி ஓடவிட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்து, எந்தக் கரண்டி எத்தனை என்று எழுதச் சொன்னேன். பிழை அவளுடையது மட்டும்தான் என்று உறுதியாக நம்பிக்கொண்டுதான் அதைக் கேட்டேன். தாள்களைச் சேர்த்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் ஆறு கரண்டி உப்பு என்று எழுதியிருந்தார்கள். அந்த மரணத்தை ஊரே கதைத்த பிறகும் எழுதியிருந்தார்கள். முன் வாங்கில் இருந்த கெட்டிக்காரப் பிள்ளையை எழுப்பி, "ஏன் இப்பிடி எழுதினீங்க?" என்று கேட்டேன். அவள் திகைத்துப் போய், "டீச்சர், புள்ளட உடம்பால போன அந்த வெள்ளப் பொட்டுத்தானே மறுகாப் பானைக்குள்ள விழுது? அது உப்புத்தானே?" என்றாள். "அடியில எழுதியிரிக்கே, நீங்க பாக்கல்லயா?" என்றேன். "கரண்டி வருது டீச்சர். கரண்டியப் பாக்கிறதா, எழுத்தப் பாக்கிறதா?" என்று கேட்டாள். வகுப்பு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்த ஒரு பிள்ளை சொன்னதில் இந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது மகன். எது அசைகிறதோ அங்கேதான் கண் போகும். கண்ணுக்கு இரண்டு வேலை கொடுத்தால் ஒன்றை விட்டுவிடும், எதை விடும் என்று நீ முடிவு செய்ய முடியாது. உப்பு என்று ஒரு தரம் காட்டிய புள்ளி, நீ என்ன எழுதி வைத்தாலும், பிள்ளைக்கு உப்புத்தான். உன்னுடைய பாடத்தில் மண்ணுக்குள் இருந்து ஏறும் துளியும், இலையில் இருந்து காற்றுக்குப் போகும் ஆவியும் ஒரே நீலத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. அதைப் பார்த்ததும்தான் எழுந்து போனேன்.

தாள்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் வாப்பாவுக்குக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். "இத ஆருக்கும் காட்டினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காட்டாதீங்க. உங்கள அங்க ஆரும் குத்தம் சொல்லல்ல. நீங்களாப் போய் ஏன் தலயக் குடுக்கிற? புள்ள திரும்பி வரப் போறானா?" என்றார். வாப்பாவைக் கோபிக்காதே. அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன். தாள்களை அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். நான்கு மாதம் அவை அங்கே கிடந்தன. அந்த நான்கு மாதமும் ஜெஸீமா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தம்பிக்கு உப்புக் கொடுத்தவள் என்று தெருவில் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். என் காதுபடவே சொன்னார்கள். ஒரு முறை, நல்ல பிள்ளை, கவனம்தான் காணாது என்று நானே ஒருத்தியிடம் சொன்னேன்.

அவளுடைய உம்மா குவைத்திலிருந்து வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். வந்தவள் மகளோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை, அடிப்பதும் இல்லை, ஏசுவதும் இல்லை, பேரைச் சொல்லிக் கூப்பிடுவதுகூட இல்லை என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. உன் வாப்பாவுக்குச் சொல்லாமல், ஒரு பின்னேரம் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். கிடுகு வேலிக்குள் சின்ன வீடு. அந்தப் பெண் எனக்குக் கதிரை போட்டாள். ஜெஸீமா உள்ளே எங்கோ இருந்தாள், வெளியே வரவில்லை. தாள்களை அந்த உம்மாவின் மடியில் வைத்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். எல்லாரும் அப்படித்தான் விளங்கியிருக்கிறார்கள், படத்தைப் பிழையாகச் செய்தது நான்தான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இத ஏன் டீச்சர் அண்டைக்கே சொல்லல்ல?"

"அண்டைக்கு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்ச பொறகு?"

அவள் தாள்களை அடுக்கி என் கையில் திருப்பித் தந்தாள். "எனக்குச் சொல்லிட்டீங்க. சரி. எண்ட புள்ளய ஊரெல்லாம் கதைக்குதே, ஊருக்கு ஆரு சொல்ற?" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நானும் கூட அழுது, மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு வந்து ஆறுதலாக இருந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. நான் கொஞ்சம் கதைக்க வேண்டும் என்று அதிபரிடம் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "கிண்டாதீங்க டீச்சர், ஆறின புண்" என்றார். எனக்குத் தெரிந்தவரை அது யாருக்கும் ஆறவில்லை என்றேன். தொலைக்காட்சியைக் கூட்டத்துக்கு முன்னால் மேசையில் வைத்தேன். ஒன்றும் விளக்காமல் பாடத்தை ஓடவிட்டேன். குழந்தை ஆடியபோது பெரியவர்களும் சிரித்தார்கள். நிறுத்திவிட்டு, "பானைக்குள்ள ஆறு கரண்டி விழுந்திச்சே, அது என்ன?" என்று கேட்டேன். முன்னால் இருந்த உம்மாமார் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் "உப்பு" என்றார்கள். பின்னால் நின்ற ஆண்களும் அதையே சொன்னார்கள். "அது சீனி" என்றேன். "இப்படித்தான் ஜெஸீமாவும் பார்த்தாள். அவள் கவனமில்லாமல் இருக்கவில்லை. நான் காட்டியதைக் காட்டியபடி செய்தாள். படத்தைப் பிழையாகச் செய்தது நான். பிழை தெரிந்த பிறகு நாலு மாதம் மறைத்து வைத்ததும் நான்" என்று எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ஒருவர் எழுந்து வெளியே போனார். ஒரு வயதான பெண் "யா அல்லாஹ்" என்றாள். ஜெஸீமாவின் உம்மா பின்வரிசையில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடியும் முன்னே அவள் போய்விட்டாள்.

பிறகு சில கிழமைகள் மட்டுமே எனக்கு அந்தக் கணினி கிடைத்தது. பாடத்தைத் திரும்பச் செய்தேன். சீனிக்கு வெற்றுக் கட்டம், உப்புக்கு நிறைந்த புள்ளி. மெட்டை எடுத்தேன். ஆடுகிற குழந்தையை எடுத்தேன். எழுத்தை எடுத்துவிட்டு, படம் ஓடும்போது என் வாயால் சொன்னேன். ஒவ்வொரு படி முடிந்ததும் படம் நின்றுவிடும், பிள்ளையே ஒரு விசையை அழுத்தினால்தான் மேலே போகும். அழுத்துவதற்கு முன், இப்போது எது விழப் போகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, திரையைப் பார்க்காமல் அவர்கள் கண்ணைப் பார்த்தேன். அப்போதும் சிலர் பிழையாகச் சொன்னார்கள். மறுபடி மாற்றினேன். கடைசியில் கரண்டி அளவை அசைய விடுவதையே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குவியல், அசையாத படம், அது போதும். கண்ணுக்குத் தெரியாமல் குடலுக்குள் சீனி உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதை மட்டும் அசைய விட்டேன், ஏனென்றால் அது அசைந்தால்தான் விளங்கும். பிறகு ஒவ்வொருத்தியும் தன் கையால் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, கண்ணீரை விட உப்பாக இல்லை என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்கு விட்டேன். அந்தப் பாடத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளித் தவணை முடிவில் எனக்கு மாவடிப்பள்ளிக்கு இடமாற்றம் வந்தது. அங்கே கணிதத்துக்கு ஆளில்லை, அதனால்தான் உம்மா போகிறேன் என்று உனக்குச் சொன்னோம். கணினி அறையைப் பூட்டினார்கள். உப்புக் காற்றில் அது பழுதாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஜெஸீமா வந்தாள். அவளைக் கண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவள் உயர்ந்து மெலிந்திருந்தாள். பக்கத்தில் நின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. "டீச்சர், அண்டைக்குக் கூட்டத்தால வந்து உம்மா எனக்குச் சோறு போட்டுத் தந்தா. 'தின்னு ஜெஸீமா' எண்டா. குவைத்தால வந்து அண்டைக்குத்தான் எண்ட பேரச் சொன்னா" என்றாள். "பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போங்க புள்ள. உங்களுக்குப் படிப்பு வரும்" என்றேன். "ஏலா டீச்சர்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஆராவது விளங்கிச்சா எண்டு கேட்டா, ஓம் எண்டு சொல்ல எனக்குப் பயம்" என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். எண்பதுகள் முடியும் முன் அவளும் உம்மா போன வழியில் வெளிநாட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விசாரித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள்.

உன் வேலையை விடு என்று சொல்ல இதை எழுதவில்லை மகன். நன்றாகச் செய்த படம், நான் ஒரு வருடம் கத்தியும் விளங்காததை ஒரு நிமிடத்தில் விளங்க வைக்கும்; அதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் பிள்ளை பிழையாக விளங்கினால் முதலில் உன் படத்தைப் பார், பிறகு பிள்ளையைப் பார். நான் மாற்றிச் செய்தேன். அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படு, அதை நம்பிவிடாதே. விளங்கிச்சா என்று மட்டும் கேட்காதே.

இந்த அணில் பாடத்தை வெளியே விடுவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. நான் பார்த்துச் சொல்ல மாட்டேன். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் என் கண் உனக்கு உதவாது. முன் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன கண்டாய் என்று கேட்பேன். அவள் சொல்வதை, ஒரு சொல்லும் திருத்தாமல், அப்படியே எழுதி உனக்கு அனுப்புகிறேன்.

உனக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிற,
உம்மா